இங்கிலாந்துக் கால்பந்தின் 2025 எஃப்.ஏ. கோப்பை இறுதிப்போட்டியில் மான்செஸ்டர் சிட்டியைக் கிரிஸ்டல் பேலஸ் வென்றது வெறும் அதிர்ஷ்டமா?

அதிர்ஷ்டமும் கொஞ்சம் இருந்தது. எந்த இடத்தில் என்று கீழே சொல்கிறேன். ஆனால் 2025 மே 17 அன்று லண்டனின் வெம்ப்ளி மைதானத்தில் 1-0 என்று முடிந்த அந்த ஓர் ஆட்டத்தை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்ப்பவர்களுக்குத்தான் அது முழுக்க அதிர்ஷ்டமாகத் தெரியும். இரண்டு அணிகளும் இறுதிக்கு வந்த பாதையை ஆட்டம் ஆட்டமாக எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு விஷயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்: முதல் கோல் யாருடையது? விடை அங்கேயே கிடைத்துவிடும்.

புதிதாகப் பார்ப்பவர்களுக்காகப் போட்டியின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கூடுதல் முதனிலைச் சுற்றில் தொடங்கி இறுதி வரை மொத்தம் 14 சுற்றுகள். முதல் இரண்டு நிலை லீக்குகளான பிரீமியர் லீக்கிலும் சாம்பியன்ஷிப்பிலும் ஆடும் 44 அணிகள் மூன்றாம் சுற்றில்தான் உள்ளே வருகின்றன; கீழிருந்து ஜெயித்து வந்த 20 அணிகளோடு சேர்த்து 64. அங்கிருந்து ஆறு ஆட்டங்களை வென்றால் கோப்பை. குலுக்கலில் முதலில் வரும் பெயருக்குச் சொந்த மைதானம். தரவரிசைப்படி எதிரணியைப் பிரித்துவைக்கும் வழக்கம் கிடையாது. 2024-25 பருவத்தில் முதல் சுற்றிலிருந்தே மறு ஆட்டத்தை எடுத்துவிட்டார்கள். சமநிலை என்றால் அன்றைக்கே கூடுதல் நேரம், பிறகு பெனால்டி. தவறு செய்த பெரிய அணிக்கு இன்னொரு நாள் சரிசெய்துகொள்ளும் வாய்ப்பு அத்தோடு போய்விட்டது.

இனி சிட்டியின் பாதை. மூன்றாம் சுற்றில் நான்காம் நிலை லீக்கைச் சேர்ந்த சால்ஃபோர்டை 8-0 என்று நொறுக்கினார்கள். ஜேம்ஸ் மெக்காட்டி ஹாட்ரிக் அடித்தார். இந்த ஸ்கோர்தான் பலர் கண்ணை மறைத்தது. ஏனென்றால் அடுத்த மூன்று ஆட்டங்களிலும் சிட்டி முதல் கோலை வாங்கியது. லேட்டன் ஓரியன்ட் மைதானத்தில் ஜேமி டான்லி ஏறக்குறைய நடுக்கோட்டிலிருந்து தூக்கி அடித்த பந்து கம்பத்தில் பட்டு, கோல்கீப்பர் ஒர்ட்டேகாவின் உடம்பில் பட்டு உள்ளே போனது. பின்தங்கிய பிறகு 2-1 என்று ஜெயித்தார்கள். சாம்பியன்ஷிப்பின் அடிமட்டத்தில் தவித்துக்கொண்டிருந்த பிளிமத்துக்கு எதிராக, அதுவும் சொந்த மைதானத்தில், மறுபடியும் பின்தங்கினார்கள். 3-1 என்று மீண்டார்கள். காலிறுதியில் போர்ன்மத்தில் சிட்டியின் முன்கள ஆட்டக்காரர் ஹாலண்ட் ஒரு பெனால்டியைத் தவறவிட்டார், போர்ன்மத்தின் எவனில்சன் கோல் போட்டார், அதன் பிறகுதான் 2-1. அரையிறுதியில் நாட்டிங்ஹம் ஃபாரஸ்டை 2-0 என்று வென்றாலும், ஃபாரஸ்டின் பந்து மூன்று முறை கோல் சட்டத்தில் பட்டுத் திரும்பியது.

பின்தங்கினாலும் திரும்பிவிடலாம் என்ற பழக்கம் இப்படித்தான் ஊறுகிறது. எதிரணி கோல் போட்ட பிறகும் முன்னால் வந்து ஆடினால், அல்லது களைத்துப் போனால், அந்தப் பழக்கம் பலிக்கும்.

பேலஸின் பாதையில் அந்தப் பத்தியையே எழுத முடியாது. ஸ்டாக்போர்ட்டுக்கு எதிராக எஸே ஆரம்பத்திலேயே போட்ட கோலை வைத்துக்கொண்டு 1-0. டான்காஸ்டரில் 2-0. ஐந்தாம் சுற்றில் தெற்கு லண்டன் பங்காளியான மில்வாலுடன் 3-1. தொடக்கத்திலேயே மில்வால் கோல்கீப்பரின் கால் பேலஸின் முன்கள ஆட்டக்காரர் மத்தேதாவின் தலையில் பலமாக மோதியதால் அந்தக் கோல்கீப்பருக்குச் சிவப்பு அட்டை. (காதில் தையல் போட்டுக்கொண்டு மத்தேதா காலிறுதிக்குத் திரும்பி வந்தார், அவர் இல்லாமல் இந்தக் கதையே இல்லை.) காலிறுதியில் ஃபுல்ஹாம் மைதானத்தில் 3-0. அரையிறுதியில் ஆஸ்டன் வில்லாவை 3-0, எஸே ஒன்று, இஸ்மாயிலா சார் இரண்டு. அந்த ஆட்டத்தில் மத்தேதா பெனால்டியை வெளியே அடித்தும் ஒன்றும் ஆகவில்லை.

ஆக, இறுதிக்கு முன் ஐந்து ஆட்டங்களில் பேலஸ் போட்டது 12 கோல், வாங்கியது ஒன்று. அந்த ஒரு கோலும் 2-0 என்று முன்னிலையில் இருந்தபோது வந்தது. ஒரு நிமிடம்கூடப் பின்தங்கியதில்லை. முதல் கோலை வாங்கியே பழகிய அணியும், முதல் கோலைப் போட்ட பிறகு கதவைச் சாத்திவிடும் அணியும் மோதின. லீக் பட்டியலில் பருவ முடிவில் சிட்டி 71 புள்ளிகளோடு மூன்றாவது, பேலஸ் 53 புள்ளிகளோடு பன்னிரண்டாவது. கோப்பை ஆட்டத்தை எடைபோட அந்தப் பட்டியல் இங்கே உதவவில்லை.

பேலஸ் கதவைச் சாத்தும் விதத்தைப் பார்ப்போம். பயிற்சியாளர் ஆலிவர் கிளாஸ்னரின் அமைப்பு 3-4-2-1: பின்னால் மூவர், நடுக்களத்தில் நால்வர், அவர்களுக்கு முன் இருவர், உச்சியில் ஒருவர். பந்து எதிரணியிடம் போனதும் வலப்பக்க முன்யோசும் இடப்பக்க மிட்செலும் பின்னால் இறங்கி, ரிச்சர்ட்ஸ், லாக்ருவா, கெஹி மூவரோடும் சேர்ந்து ஐந்து பேர் வரிசையாகிறார்கள். எஸேயும் சாரும் வார்ட்டன், கமாடா இருவரின் பக்கவாட்டில் வந்து நால்வர் வரிசை. முன்னால் மத்தேதா ஒருவர்தான். சிட்டியின் பலம் சவினியோவும் டோக்குவும் ஓரத்தில் ஒற்றைக்கு ஒற்றை எதிரியைத் தாண்டுவது. நால்வர் தற்காப்பு என்றால், ஓர ஆட்டக்காரருக்கு உதவப் போகும் நடுத் தற்காப்பாளர் ஹாலண்டுக்கு இடம் விட்டுவிட்டுப் போகவேண்டும். ஐவர் இருந்தால் ஒருவர் வெளியே போனாலும் பாக்ஸுக்குள் (கோலுக்கு முன்னுள்ள பெனால்டி பகுதி) இரண்டு நடுத் தற்காப்பாளர்கள் மிச்சம். இந்த அமைப்பு உடையும் இடம் ஒன்று உண்டு: பாக்ஸின் விளிம்பு. நடுக்களத்தின் மையத்தில் இருப்பவர் இருவர்தான். அவர்களில் ஒருவர் பந்தைத் துரத்தி ஓரத்துக்கு இழுபட்டால், பின்னோக்கி வரும் பாஸில் எதிரணிக்கு நிம்மதியாக அடிக்க இடம் கிடைத்துவிடும். வார்ட்டனும் கமாடாவும் அன்று பெரும்பாலும் இழுபடவில்லை. பந்து கிட்டத்தட்ட 80 சதவீதம் சிட்டியின் காலில் இருந்தும், பேலஸ் கோல்கீப்பர் ஹெண்டர்சன் சில நல்ல தடுப்புகளோடு சமாளிக்க முடிந்தது இதனால்தான்.

கோல் வந்தது 16வது நிமிடத்தில். அதுவரை ஆட்டம் முழுக்கப் பேலஸ் பாதியில்தான். முன்னால் வந்த பந்தை மத்தேதா முதுகைக் கொடுத்து வாங்கி, பிடித்துவைத்து, வலப்பக்கம் ஓடிய முன்யோசுக்கு விட்டார். தாழ்வான கிராஸ். பாக்ஸின் நடுவே ஓடிவந்த எஸே பந்தை நிறுத்தாமல் முதல் தொடுதலிலேயே வலைக்குள் தட்டினார். சிட்டி அன்று தற்காப்பு மிட்ஃபீல்டர் என்று யாரையும் வைக்காமல் பெர்னார்டோ சில்வாவையும் டி பிரய்னேவையும் நடுவில் நிறுத்தியிருந்தது. மத்தேதா போல உடம்பைக் கொடுத்துப் பந்தைக் காக்கும் ஆளுக்கு முன்னால் அது பெரிய ஆபத்து. என் பார்வையில் ஆட்டத்தை முடிவுசெய்த தவறு இதுதான்.

இப்போது அதிர்ஷ்டத்துக்கு வருகிறேன். கோல் போட்ட சில நிமிடங்களில், ஹாலண்டை நோக்கி வந்த நீண்ட பந்தை ஹெண்டர்சன் பாக்ஸுக்கு வெளியே கையால் தட்டிவிட்டார். நடுவர் கவனிக்கவில்லை. வி.ஏ.ஆர். (வீடியோ உதவி நடுவர்) பார்த்தது, ஆனால் ஹாலண்ட் கோலை விட்டு விலகிய திசையில் ஓடியதால் தெளிவான கோல் வாய்ப்பு இல்லை என்று முடிவெடுத்தார்கள். சிவப்பு அட்டை இல்லை என்றானதும் ஃப்ரீ கிக்கும் கிடைக்கவில்லையே என்று பலர் கோபப்பட்டார்கள். அன்றைய விதி அப்படி: கோல், பெனால்டி, நேரடிச் சிவப்பு அட்டை, ஆள்மாறாட்டம் ஆகிய நான்கில் மட்டுமே வி.ஏ.ஆர். தலையிட முடிந்தது. தவறிப்போன ஃப்ரீ கிக்கைத் திருப்பித் தர அதற்கு அதிகாரம் இருக்கவில்லை. வேறொரு நாளில் அது சிவப்பு அட்டையாகக்கூட ஆகியிருக்கலாம் என்பதை பேலஸ் ரசிகர்களும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

மிட்செல் சில்வாவைத் தடுக்கி விழச் செய்ததால் வந்த பெனால்டியை அதிர்ஷ்டக் கணக்கில் சேர்க்கமாட்டேன். ஹாலண்ட் பந்தைச் சக ஆட்டக்காரர் மார்மூஷிடம் கொடுத்தார். 36வது நிமிடம், ஹெண்டர்சன் தன் வலப்பக்கம் பாய்ந்து தடுத்தார். இரண்டாம் பாதியில் முன்யோஸ் போட்ட கோலை ஆஃப்சைட் என்று வி.ஏ.ஆர். ரத்து செய்தது, கணக்கைச் சமன்செய்ய நினைப்பவர்கள் இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பேலஸுக்கு இது மூன்றாவது இறுதி. 1990இல் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராகக் கூடுதல் நேரத்தில் 3-2 என்று முன்னால் இருந்தார்கள், முடிய ஏழு நிமிடம் இருக்கும்போது யுனைடெட்டின் மார்க் ஹியூஸ் சமன்செய்தார். மறு ஆட்டத்தில் 1-0 தோல்வி. 2016இல் அதே யுனைடெட்டுக்கு எதிராக 78வது நிமிடத்தில் பஞ்சன் கோல் போட்டார், மூன்றே நிமிடத்தில் மாட்டா சமன்செய்தார், கூடுதல் நேரத்தில் லிங்கார்ட் முடித்துவைத்தார். இந்த முறை முன்னிலையை 74 நிமிடமும், அதற்கு மேல் கொடுத்த 10 நிமிடமும் காக்க வேண்டியிருந்தது. கேப்டன் கெஹி காயத்தோடு வெளியேறி லெர்மா வந்த பிறகும் அந்த ஐவர் வரிசை கலையவில்லை. கிளப்பின் முதல் பெரிய கோப்பை அப்படித்தான் வந்தது.