பூச்சி இருந்தால் சிடி4 இறங்கிவிடுமா?

களுவாஞ்சிகுடிப் பக்கமிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். எச்ஐவிக்கு இரண்டு வருடமாக மருந்து குடிக்கிறார். போன கிழமை மலத்தோடு மண்புழுபோல வெளிறிய ஒரு புழு வந்ததாம். தெரிந்த ஒருவர், 'பூச்சி எதிர்ப்புச் சக்தியைத் தின்றுவிடும், மாதாமாதம் பூச்சிக் குளிசை போடு, கொழும்பில் ஒரு இரத்தப் பரிசோதனை பக்கேஜ் ஒழுங்குபண்ணித் தாறேன்' என்றாராம்.

முதலில் அந்த ஆளுக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள். நீங்கள் மருந்தெடுக்கும் அரச கிளினிக்கிலேயே சிடி4 (எதிர்ப்புச் சக்தியை நடத்தும் வெள்ளணுக்களின் எண்ணிக்கை), வைரஸ் அளவு இரண்டையும் இலவசமாகப் பார்ப்பார்கள்.

புழு வந்தால் குடல் சளியைக் கூடுதலாகச் சுரந்து வழுக்கித் தள்ளப் பார்க்கும். ஈசினோபில் என்ற வெள்ளணுக்களும் ஐஜிஈ என்ற எதிர்ப்புப் புரதமும் திரண்டு வரும். இவற்றுக்கெல்லாம் கட்டளையிடுவது சிடி4 செல்கள். எச்ஐவி அழிப்பது அவற்றைத்தான். ஆகவே அவற்றைக் காப்பது உங்கள் அன்றாட மருந்து, பூச்சிக் குளிசை அல்ல. நீங்கள் சொல்வது வட்டப்புழு போலிருக்கிறது. அதற்கு அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் ஒரு தடவை போதும்.

கண்ணுக்குத் தெரியாததுதான் எனக்குப் பயம். சிடி4 100க்குக் கீழே போனவர்களுக்கு கிரிப்டோஸ்போரிடியம் என்ற நுண்ணிய ஒட்டுண்ணி வாரக்கணக்கில் தண்ணீராக வயிற்றோட்டம் கொடுக்கும். துண்டில் 'மலப் பரிசோதனை' என்று மட்டும் எழுதி அனுப்பினால், புழு முட்டையைத் தேடிவிட்டு 'இல்லை' என்று வரும். தனிச் சாயம் போட்டுப் பார்க்க வேண்டும். அதையும் நோயாளியே வாய்விட்டுக் கேட்க வேண்டியிருக்கிறது, என்ன சொல்ல! வெள்ளம் வடிந்ததும் கிணற்றுக்குப் போடும் குளோரினுக்கும் இது சாகாது. தண்ணீரைக் கொதிக்க வையுங்கள்.

இன்னொன்று, ஸ்ட்ராங்கிலொய்டிஸ் என்ற சிறு குடற்புழு. வெறுங்காலில் வயலில் இறங்கும்போது தோல் வழியாக ஏறி, குடலுக்குள்ளேயே பெருகிப் பல பத்து வருடம் கிடக்கும். ஒருதரம் போடும் அல்பெண்டசோல் இதற்குக் காணாது, ஐவர்மெக்டின் வேண்டும். எச்ஐவி மட்டும் இதைக் கிளப்பிவிடுவது குறைவு. கிளப்புவது ஸ்டீரொய்ட். முட்டுக்குக் குடிக்கும் பிரெட்னிசொலோனும் அதுதான். உடம்பு உளைவுக்கென்று பெயரில்லாத உறையில் மடித்துத் தரும் குளிசைகளிலும் அது இருக்கலாம். அப்போது புழு குடலை விட்டு நுரையீரல், இரத்தம் என்று பரவி ஆளையே கொன்றுவிடும். இவ்வளவு ஆபத்தான மருந்தைச் சீட்டில்லாமல் விற்பவரை யாரும் கேட்பதில்லை.

அடுத்த கிளினிக் நாளில் வீட்டிலிருக்கும் குளிசை உறைகள் எல்லாவற்றையும், பெயரில்லாததையும் சேர்த்து, கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள், தம்பி.