இரண்டு மணிக்கு விழிப்பு வருகிறது, செபம் வருவதில்லை

அன்புள்ள அக்காவுக்கு,

நான் யாழ்ப்பாணம் குருநகரில் இருக்கிறேன். வயது 43. இவர் கடற்றொழில். இரண்டு பிள்ளைகள்; மூத்தவன் அடுத்த வருடம் உயர்தரப் பரீட்சை எழுதுகிறான். ஞாயிறுதோறும் மறைக்கல்வி படிப்பிக்கிறேன். எங்கள் அன்பியத்தில், அதாவது அயல் வீட்டார் கூடும் செபக் குழுவில், செபமாலை தொடங்கி வைப்பதும் அனேகமாக நான்தான். அதனாலேயே இதை இங்கே யாரோடும் கதைக்க முடியாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

அம்மா பாரிசவாதம் வந்து 14 மாதம் படுக்கையில் இருந்தார். படுக்கைப்புண் வராமல் இருக்க இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். ராத்திரி 12 மணி, 2 மணி, 4 மணி. போன மாசியில் போய்விட்டார். செத்தவீட்டில் நான் அழவில்லை. வந்தவர்களுக்குத் தேத்தண்ணி, பந்தல், பெட்டி, 31ஆம் நாள் பூசை, சாப்பாடு என்று ஓடியதிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு செபம் வருவதில்லை அக்கா. வாய் 'அருள்நிறை மரியே' சொல்லும். மனம் அடைவு வைத்த நகைக்கு வட்டி கட்டும் நாளை எண்ணும். கையில் இருப்பது அம்மாவின் செபமாலை. மூன்றாம் பத்தில் ஒரு மணி கழன்றுபோன இடத்தில் நூலால் முடிச்சுப் போட்டு வைத்திருந்தார். அந்த முடிச்சில் விரல் படும்போது மட்டும் நெஞ்சுக்குள் ஏதோ செய்கிறது. பிறகு ஒன்றுமில்லை.

பக்கத்து வீட்டு அக்கா, "விசுவாசம் குறைந்தால்தான் இப்படி, உபவாசம் இரு" என்கிறார். ஆண்டவர் நம்மைக் கைவிட மாட்டார் என்று பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும்போது பொய் சொல்கிற மாதிரி இருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு இப்போதும் விழிப்பு வந்துவிடும். அம்மாவின் கட்டில் கிடந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். கடைசிக் கிழமையில் ஒருநாள், "ஆண்டவரே, போதும், கொண்டுபோய்விடும்" என்று கேட்டேன். அதை ஒருவருக்கும் சொல்லவில்லை.

நான் விசுவாசத்தை இழந்துவிட்டேனா?

— குருநகர் வாசகி

அன்புள்ள தங்கச்சி,

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். கேள்வியைக் கடைசியில் வைத்திருக்கிறீர்கள். ஆனால் அதற்கு முந்திய வரிகளில்தான் என் கண் நின்றது. "கொண்டுபோய்விடும்" என்று கேட்டதைப் பேச்சோடு பேச்சாக எழுதிவிட்டு ஓடிவிட்டீர்கள். உங்கள் செபம் நின்றுபோனது அந்த இடத்தில்தான் என்று எனக்குப் படுகிறது. கேட்கக் கூடாததை ஒருவரிடம் கேட்டுவிட்டோம் என்று வெட்கப்பட்டால், அப்புறம் அவர் முகத்தைப் பார்க்க மனம் வராது. கேட்டது நடந்தும் விட்டது என்றால் இன்னும் கஷ்டம்.

நோயாளிகளைப் பராமரித்த எத்தனையோ பேர் இதையே எனக்குச் சொல்லியிருக்கிறார்கள், எல்லோரும் குரலைத் தாழ்த்தித்தான். அம்மாவின் வேதனை முடிய வேண்டும் என்று கேட்டீர்கள். உங்களுக்கும் ஒரு முழு ராத்திரி நித்திரை வேண்டும் என்று கேட்டீர்கள். இரண்டாவதுதான் உங்களை உறுத்துகிறது போலும். அதில் பாவம் இல்லை தங்கச்சி. அம்மா போனது நோயால். உங்கள் செபத்தால் அல்ல.

முதலாம் அரசர்கள் 19ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். மறைக்கல்வி ஆசிரியைக்கு எலியாவைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது கார்மேல் மலையில் இறங்கிய நெருப்போடு நிறுத்திவிடுகிறோம். அதே எலியா அடுத்த அதிகாரத்தில் சூரைச்செடியின் கீழ் இருந்து, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று கேட்கிறார். உங்கள் வார்த்தைதான். ஆண்டவர் கோபிக்கவில்லை; விசுவாசம் குறைந்துவிட்டது என்று சொல்லவும் இல்லை. வானதூதர் தட்டி எழுப்பி அப்பமும் தண்ணீரும் கொடுக்கிறார். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்துவிடுகிறார். திரும்பவும் எழுப்பிச் சாப்பாடு. "இங்கே என்ன செய்கிறாய்?" என்ற கேள்வி 40 நாள் நடந்து ஓரேபு மலைக்குப் போன பிறகுதான் வருகிறது.

அதனால் உபவாசம் இப்போது உங்களுக்கு வேண்டாம். 14 மாதம் என்றால் நானூறுக்கு மேற்பட்ட ராத்திரிகள். உங்கள் உடம்பு இன்னும் அந்தக் காவலில்தான் நிற்கிறது. காவல் முடிந்தது என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் நித்திரையோடு மல்லுக்கட்டாமல் எழும்பித் தண்ணீர் குடியுங்கள். செபமாலையை எடுக்க வேண்டாம். கட்டில் கிடந்த இடத்தைப் பார்த்து, "அம்மா, இனிப் புரட்டத் தேவையில்லை, நானும் படுக்கிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அழுகை வந்தால் வரட்டும். செத்தவீட்டில் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டு நின்றதால் தள்ளிப்போன அழுகை அது.

மாசியில் இருந்து இப்படி என்றால் ஒருதரம் டொக்டரையும் பாருங்கள். இரத்தச்சோகை, தைரொய்ட் இரண்டையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். மனச்சோர்வு இருந்தால் அதற்கும் மருந்து உண்டு, யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவும் உண்டு. நானும் போய்விட்டால் நல்லது என்ற நினைப்பு எப்போதாவது வந்தால் ஒரு நாளும் பொறுக்க வேண்டாம். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம்.

பொய் சொல்கிற மாதிரி இருக்கிறது என்றீர்கள். அன்னை தெரேசாவின் கடிதங்கள் 2007இல் வெளிவந்தபோது உலகமே திகைத்தது. பல பத்தாண்டுகள் அவருக்கு உள்ளே இருட்டு. செபத்தில் ஒன்றும் உணரவில்லை என்று தன் ஆன்ம குருக்களுக்கு எழுதியிருக்கிறார். அவர் செய்த பணியைப் பொய் என்று சொல்வோமா? ஆனால் அவரைப் போல நீங்களும் சுமந்துகொண்டே இருக்க வேண்டும் என்று இதைச் சொல்லவில்லை. பங்குச் சுவாமியிடம் கேட்டு நத்தார் வரைக்கும் மறைக்கல்வியில் இருந்து விடுப்பு எடுங்கள். அன்பியத்தில் வேறு யாராவது தொடங்கட்டும், நீங்கள் பின்வரிசை வாங்கில் சும்மா இருங்கள். வட்டிக் கணக்கையும் இவரோடு இருந்து ஒரு கொப்பியில் எழுதிவிடுங்கள். தனியே எண்ணிக்கொண்டிருந்தால் அது செபமாலைக்குள்தான் வந்து நிற்கும்.

புலம்புவதும் நம் செபம்தான். தவக்காலத்தில் வியாகுலப் பிரசங்கத்தை ராகத்தோடு வாசிக்கும்போது மாதாவின் புலம்பலைக் கேட்டு ஆலயமே அழுகிறது. யாரும் மாதாவுக்கு விசுவாசம் குறைந்துவிட்டது என்று சொல்வதில்லை. 88ஆம் திருப்பாடல் இருட்டிலேயே முடிகிறது, ஆறுதலாக ஒரு வரிகூடக் கடைசியில் இல்லை. அதை வாசித்துப் பாருங்கள். ஆண்டவரோடு மறுபடி கதைக்கத் தோன்றினால், வெட்கப்பட்டு விட்ட அந்த வார்த்தையில் இருந்தே தொடங்குங்கள்: "அன்றைக்கு நான் இப்படிக் கேட்டேன்." அவருக்கு அது புதுச் செய்தி அல்ல.

கார்த்திகை (நவம்பர்) 2ஆம் திகதி, மரித்தோர் நினைவு நாளில், சேமக்காலைக்குப் போவீர்கள்தானே? கல்லறையைத் துப்புரவாக்குவது, பூ வைப்பது, மெழுகுதிரி கொளுத்துவது எல்லாவற்றையும் இந்த முறை இவரும் பிள்ளைகளும் செய்யட்டும். அம்மாவின் செபமாலையில் அந்த நூல் முடிச்சைப் பிடித்தபடி நீங்கள் பக்கத்தில் இருங்கள், மற்ற மணிகளை எண்ண வேண்டாம். பிறகு எனக்கு எழுதுங்கள், நித்திரை எப்படி என்று.

அன்புடன்,
அக்கா