அமெரிக்க முன்னாள் படைவீரர்களுக்கான வீட்டு உதவி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: தமிழ் மொழித் திறனின் பேரில், சிறப்புத் திறனுள்ள வெளிநாட்டவரைச் சேர்த்த மாவ்னி திட்டத்தில் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்த என் மகனுக்கு, பணியின்போது ஏற்பட்ட காயத்தால் இரண்டு கால்களும் செயலிழந்துவிட்டன. எங்களோடு இருக்கிறான்; வீடு என் கணவர் பெயரில் உள்ளது. வீட்டை மாற்றியமைக்க மானியம் கிடைக்குமா?

பதில்: ஊனம் பணியால் ஏற்பட்டது என்று முன்னாள் படைவீரர் நலத்துறை ஏற்றிருந்தால் கிடைக்கும். எஸ்.ஏ.ஹெச். எனப்படும் பெரிய மானியத்துக்கு வீடு அவருடையதாகவோ, அவர் வாங்கவிருப்பதாகவோ இருக்க வேண்டும். ஆனால் அந்த மானியத்துக்குரிய ஊனம் உள்ளவர் உறவினர் வீட்டில் தற்காலிகமாகத் தங்கியிருந்தால், அந்த வீட்டை மாற்றியமைக்க டி.ஆர்.ஏ. என்ற தனி மானியம் உண்டு. 2025 நிதியாண்டில் இதன் உச்சவரம்பு 49,062 டாலராகவும், எஸ்.ஏ.ஹெச். மானியத்துக்கு 1,21,812 டாலராகவும் இருந்தது. 2020-ல் வந்த சட்டத்துக்குப் பிறகு ஆறு முறை வரை மானியம் பெறலாம் என்பதால், பின்னாளில் அவர் சொந்த வீடு வாங்கும்போதும் விண்ணப்பிக்கலாம். இரண்டுக்கும் படிவம் ஒன்றே: 26-4555.

விண்ணப்பிக்கும் முன் குளியலறை வாசலை அளந்து பாருங்கள். நான் பார்த்த ஒரு வீட்டில், சக்கர நாற்காலியைத் தானே உருட்டிச் செல்லும் ஓர் இளைஞரின் கைமுட்டிகள் கதவு நிலையில் தினமும் உரசித் தோல் உரிந்திருந்தன. வாசல் மூன்றே அங்குலம் கூடுதல் அகலமாக இருந்திருந்தால் அந்தக் காயமே வந்திராது.

கேள்வி: முதுகுவலிக்கும் காது கேளாமைக்கும் சேர்த்து எனக்கு 100 சதவீத ஊன மதிப்பீடு உள்ளது. எஸ்.ஏ.ஹெச். உண்டா?

பதில்: மதிப்பீட்டு சதவீதம் மட்டும் போதாது. ஒன்றுக்கு மேற்பட்ட கை கால்களை இழந்திருத்தல் அல்லது அவை பயனற்றுப் போயிருத்தல், கடுமையான தீக்காயம் போன்ற வரையறுத்த ஊனங்களுக்கே இது தரப்படுகிறது. 2001 செப்டம்பர் 11-க்குப் பின் ஒரு காலை இழந்து, ஊன்றுகோலோ சக்கர நாற்காலியோ இன்றி நடக்க இயலாதவர்களுக்கும் உண்டு. ஆனால் நிதியாண்டுக்கு 120 பேருக்கு மட்டும்.

கேள்வி: தங்க வீடின்றி காரில் உறங்குகிறேன். ஊன உதவித்தொகை அதிகம் என்று சொல்லி 2023-ல் எனக்கு வாடகை வவுச்சர் (வாடகையில் ஒரு பகுதியை அரசு ஏற்கும் சீட்டு) மறுத்துவிட்டார்கள்.

பதில்: இன்றே மறுபடி விண்ணப்பியுங்கள். வீடற்ற முன்னாள் படைவீரர்களுக்கான ஹட்-வாஷ் வவுச்சரில், ஊனத்துக்காகத் தரும் தொகையையே வருமானமாகக் கணக்கிட்டு, மிகக் கடுமையாக ஊனமுற்றவர்களைத் தகுதியற்றவர்கள் என்று திருப்பி அனுப்பிய அநியாயம் பல ஆண்டுகள் நடந்தது. துணையோ பிள்ளைகளோ இல்லாத ஒருவருக்கு 100 சதவீத மதிப்பீட்டில் 2025-ல் மாதம் 3,831 டாலர் கிடைத்தது; ஆண்டுக்கு ஏறக்குறைய 46,000 டாலர். பல ஊர்களில் இதுவே பழைய வருமான வரம்பைத் தாண்டிவிடும். 2024 ஆகஸ்டில் மத்திய வீட்டுவசதித் துறை விதியை மாற்றியது: பணியால் ஏற்பட்ட ஊனத்துக்கான தொகையைத் தகுதிக் கணக்கில் சேர்க்கக் கூடாது, வருமான வரம்பும் அந்தப் பகுதியின் நடுத்தர வருமானத்தில் 80 சதவீதமாக உயர்ந்தது. ஆனால் உங்கள் வாடகைப் பங்கைக் கணக்கிடும்போது அந்தத் தொகை சேரும். அதற்கும் ஆயத்தமாக இருங்கள். வவுச்சருக்கான பரிந்துரை படைவீரர் மருத்துவமனையின் சமூகப்பணியாளரிடமிருந்து வர வேண்டியிருப்பதால், முதலில் அவரைப் பாருங்கள்.

கேள்வி: குளியலறை வேலையைத் தொடங்கிவிட்டோம். மருத்துவத் தேவைக்காக வீட்டை மாற்றியமைக்கத் தரும் ஹிசா மானியத்தைப் பிறகு கேட்கலாமா?

பதில்: வேலையை உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனையைத் தொடர்பு கொள்ளுங்கள். மருத்துவரின் பரிந்துரையும் துறையின் ஒப்புதலும் கிடைத்த பிறகே வேலை தொடங்க வேண்டும். பணியால் வந்த ஊனத்துக்கும், பணிசார் ஊன மதிப்பீடு 50 சதவீதமோ அதற்கு மேலோ உள்ளவர்களின் பிற ஊனத்துக்கும் வாழ்நாள் வரம்பு 6,800 டாலர். மற்றவர்களுக்கு 2,000 டாலர்.

கேள்வி: படைவீரர் வீட்டுக்கடன் வாங்கும்போது 8,600 டாலர் நிதிக் கட்டணம் (funding fee) கட்டினோம். சில மாதங்கள் கழித்தே ஊன உதவித்தொகை அனுமதியானது. அது திரும்பக் கிடைக்குமா?

பதில்: ஊன உதவித்தொகை பெறுபவருக்கு அந்தக் கட்டணமே கிடையாது. அனுமதிக் கடிதத்தில் உதவித்தொகை எந்தத் தேதியிலிருந்து செல்லும் என்று பாருங்கள். அது கடன் ஒப்பந்தம் கையெழுத்தான நாளுக்கு முந்தையதாக இருந்தால், திருப்பித் தரக் கோருங்கள்.