அம்மாவோட வீணைக்கு எந்த மைக்?

கேள்வி: அம்மா நாப்பது வருஷமா வீணை வாசிக்கறாங்க, அத வீட்லயே நல்லா ரெக்கார்ட் பண்ணி வெக்கணும்னு ஆசை. போன்ல எடுத்தா ஸ்வரத்த இழுத்து அசைச்சு வாசிக்கற கமகமெல்லாம் பாதியிலயே அமுங்கிடுது. கண்டென்சர் மைக் வாங்கச் சொல்றாங்க, ஆனா பெரிய டயஃப்ரமா சின்னதான்னு கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. எத வாங்கறது?
- வாசகி, கும்பகோணம்

பதில்: டயஃப்ரம்ங்கறது மைக்குக்குள்ள சத்தம் பட்டா அதிர்ற மெல்லிசான சவ்வு. அது பெருசா சின்னதாங்கறத அப்புறம் பாப்போம், வீணைக்கு முதல்ல பாக்க வேண்டியது மைக்கோட செல்ஃப் நாய்ஸ், அதாவது யாருமே வாசிக்காதப்பவும் மைக் தானா போடற ‘ஸ்ஸ்’ங்கற இரைச்சல். வீணை சத்தம் கம்மியான வாத்தியம், ஒரு மீட்டு மீட்டிட்டு தந்திய இழுத்து இழுத்து அம்மா நாலு ஸ்வரம் காட்டுவாங்க பாருங்க, அந்தக் கடைசி ஸ்வரம் வரும்போது நாதம் ரொம்ப தேஞ்சிருக்கும், அதுதான் வீணையோட உயிரே, அது இரைச்சல்ல மூழ்கிடக் கூடாது. ஆடியோ டெக்னிகா ஏடி2020-க்கு இந்த அளவு 20 டெசிபல், ரோட் என்டி5-க்கு 16, ரோட் என்டி1-ஏ-க்கு வெறும் 5. மிருதங்கத்துக்கு 20 இருந்தாலும் ஒண்ணும் தெரியாது, வீணைக்குத் தெரியும். பொதுவா பெரிய டயஃப்ரம் மைக்குலதான் இந்த இரைச்சல் கம்மி, அதனால உங்களுக்கு என்டி1-ஏ மாதிரி ஒண்ணுதான் என் சாய்ஸ். சின்ன டயஃப்ரம் மீட்டற சத்தத்த இன்னும் துல்லியமா எடுக்கும்தான், ஆனா ஒரே மைக்னா எனக்கு இதான்.

இந்த மாதிரி கண்டென்சர் மைக் வேலை செய்ய கரண்ட் வேணும். அதனால கூடவே ஆடியோ இன்டர்ஃபேஸ், அதாவது மைக்க கம்ப்யூட்டரோட இணைக்கற பெட்டி ஒண்ணு வேணும், அது கேபிள் வழியாவே மைக்குக்கு 48 வோல்ட் ஃபேண்டம் பவர் குடுக்கறதா இருக்கணும். அந்த ஃபேண்டம் பவர் பட்டன போடலன்னா மைக்ல சத்தமே வராது.

மைக்க வீணையோட குடத்துக்கிட்ட கொண்டு போய் ஒட்டி வெக்காதீங்க, இந்த மாதிரி கார்டியாய்ட் மைக், அதாவது முன்னாடி வர்ற சத்தத்தையே அதிகமா வாங்கற மைக், ரொம்பக் கிட்ட போனா கீழ் ஸ்தாயி எல்லாம் ஊதிப் போய் கும்முனு கேக்கும். ஒன்றரை அடி தள்ளி, குதிரைக்கும் (குடத்து மேல தந்தியத் தாங்கற பாலம்) தண்டியில இருக்கற கடைசி மெட்டுக்கும் நடுவுல பாக்கற மாதிரி வெச்சு, அங்கேருந்து கொஞ்சம் கொஞ்சமா நகத்திப் பாருங்க.

வாங்கறதுக்கு முன்னாடியே ஒரு வேலை இருக்கு. ராத்திரி ஃபேன், ஃபிரிட்ஜ் எல்லாத்தையும் நிறுத்திட்டு அந்த ரூம்ல அஞ்சு நிமிஷம் சும்மா உக்காந்து கேளுங்க, கை தட்டியும் பாருங்க. எதிரொலி வந்தா ரெண்டு மெத்தைய சுவத்துல சாத்தி வெச்சுட்டு மறுபடி தட்டிப் பாருங்க, அப்புறமா கடைக்குப் போங்க.