எந்தப் பாட்டைக் கொண்டு போவது? - டீச்சரிடம் கேளுங்கள்

கேள்வி: டீச்சர், உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும் எடுத்தேன். மட்டக்களப்பு சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் நாடகப் பட்டப்படிப்புக்கு விண்ணப்பித்திருக்கிறேன். செய்முறைத் தேர்வில் பாடி நடிக்கச் சொன்னால் எதைப் பாடுவது? கலைவிழாவில் நான் பாடிய சினிமாப் பாட்டுக்கு நல்ல கைதட்டல், அதையே பாடு என்கிறார்கள் தோழிகள். மாமா, நம் தோட்டங்களில் ஆடுகிற காமன் கூத்திலிருந்து ரதி புலம்பலைப் பாடு என்கிறார். தோட்டத்துக் கூத்தைப் பாடினால் நம்மைக் குறைவாக நினைத்துவிட மாட்டார்களா?
- வாசகி, கொட்டகலை

பதில்: குறைவாக நினைப்பதற்கு அங்கே யாரும் இல்லை, மகள். வடமோடி, தென்மோடி என்ற இரண்டு வகைக் கூத்தும் ஆடுகிற ஊர் மட்டக்களப்பு. நம் பக்கத்துப் பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களிலேயே கூத்தைப் பல்கலைக்கழக மேடையில் ஏற்றிவிட்டார். அந்தப் பயத்தை இன்றோடு விடு.

சினிமாப் பாட்டுக்கு வருகிறேன். அந்தக் கைதட்டலில் உன் பங்கு எவ்வளவு? கரோக்கியில் முன்னிசை தொடங்கிய உடனேயே பின்வரிசை விசிலடித்திருக்கும், நீ வாய் திறக்கும் முன்பே. தேர்வு அறையில் முன்னிசை கிடையாது, இடையிசை கிடையாது, வெளிச்சம் கிடையாது. ஒரு மேசை, அதற்குப் பின்னால் இரண்டு மூன்று பேர், கையில் பேனை. இசையமைப்பாளர் செய்த வேலையைக் கழித்துவிட்டுப் பார்த்தால் பல பாட்டுகளில் நாலு வரிதான் மிஞ்சும். சினிமாப் பாட்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. யார், யாரிடம், எதைக் கேட்டுப் பாடுகிறார் என்று ஒரே மூச்சில் சொல்ல முடியாத பாட்டு நாடகத் தேர்வுக்கு உதவாது, அவ்வளவுதான்.

ரதியிடம் அது இருக்கிறது. சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்து அவள் புருஷன் மன்மதனைச் சாம்பலாக்கிவிட்டார். அவள் அவனைத் திருப்பிக் கேட்கிறாள். 'புலம்பல்' என்ற பெயரைப் பார்த்துவிட்டு முதல் வரியிலேயே அழத் தொடங்கிவிடாதே. அழுகிறவளைப் பார்த்து மேசைக்குப் பின்னால் இருப்பவர்கள் இரக்கப்படுவார்கள், புள்ளி போடமாட்டார்கள். ஒரு வரியில் அவள் சண்டைக்கு நிற்கட்டும், அடுத்த வரியில் கெஞ்சட்டும், பிறகு ஒரு வரியில் கேட்பதை விட்டுவிட்டுத் தனக்குத்தானே பேசட்டும். அந்த மாற்றங்கள் எங்கெங்கே விழுகின்றன என்று பென்சிலால் குறித்துக்கொள்.

மெட்டை யூடியூப்பில் தேடாமல் உங்கள் தோட்டத்துக் கூத்து மாஸ்டரிடமே கேட்டு வாங்கு. ஒவ்வொரு தோட்டத்திலும் கொஞ்சம் மாறித்தான் பாடுவார்கள், உங்கள் தோட்டத்து மெட்டு உனக்குப் போதும். ஒன்று கவனி. ரதி வேஷம் வழக்கமாக ஆண்கள் கட்டுவது. அவர்கள் பிடிக்கிற சுருதி உனக்கு அடியில் போய் மாட்டிக்கொள்ளும். உன் குரலுக்கு ஏற்ற சுருதிக்கு மாற்று. மேலே எட்டுகிற உச்ச சுரத்தை உன் நல்ல நாளில் சோதிக்காதே. காலை ஆறு மணிக்கு, பனியில், தேத்தண்ணி குடிக்கும் முன் சோதித்துப் பார். அப்போது எட்டாதது அங்கேயும் எட்டாது.

இன்னொன்று, தப்பு மேளம். கூத்தில் வரி முடிகிற இடத்தில் தப்பு வந்து உன்னைத் தாங்கும், நீ மூச்செடுத்துக்கொள்ளலாம். அறையில் தப்பு இல்லையென்றால் அந்த இடம் ஓட்டையாக நிற்கும். அந்த ஓட்டையில் ரதி என்ன செய்கிறாள்? சாம்பலைத் தொடுகிறாளா, ஆகாயத்தைப் பார்க்கிறாளா? அதை முடிவு செய்யாமல் போகாதே. விடிய விடிய நடக்கிற கூத்திலிருந்து உனக்கு வேண்டியது ஒன்றரை நிமிடம். தாளமில்லாமல் இழுத்துப் பாடுகிற விருத்தத்தில் தொடங்கி நேரத்தைத் தின்னாமல், சண்டை பிடிக்கிற இடத்திலேயே தொடங்கு.

மூச்சுக்கு ஒரு பயிற்சி. அருச்சுனன் தபசு கூத்தில் தபசு மரத்தில் ஏறிக்கொண்டே பாடுகிறவரைப் பார்த்திருப்பாய். மேலே போகப் போக மூச்சு குறையும், சொல் மட்டும் தேயாது. ரோட்டிலிருந்து லயத்து வீடுகளுக்கு ஏறுகிற படிகளில் உன் பாட்டைப் பாடிக்கொண்டே ஏறு. கொழுந்து எடுக்கப் போகிற அக்காமார் சிரித்தால் சிரிக்கட்டும்.

கேள்வி: மகள் கண்டியில் ஆங்கில மொழிமூலம் படிக்கிறாள். கர்நாடக சங்கீதமும் கற்றவள். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் மியூசிக்கல் தியேட்டர் படிப்புக்கு விண்ணப்பிக்கப் போகிறாள். ஒன்றுக்கொன்று மாறுபட்ட இரண்டு பாட்டு வேண்டுமாம், '16 பார்' வெட்டு என்கிறார்கள், முதலில் வீடியோ அனுப்ப வேண்டுமாம். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.
- ஒரு தந்தை, கண்டி

பதில்: தாளத்தை வைத்துச் சொன்னால் புரிந்துவிடும், ஐயா. 'பார்' என்பது மேற்கத்திய இசையில் தாள அடிகளின் ஒரு சிறு கட்டு. பாருக்கு நான்கு அடி என்றால் 16 பார் 64 அடி. நம் ஆதி தாளத்தில் எட்டு ஆவர்த்தனம், அதாவது எட்டுச் சுற்று. நிமிடத்துக்கு 120 அடி ஓடுகிற பாட்டில் அது அரை நிமிடத்தைச் சற்றே தாண்டும், 60 அடியில் நடக்கிற மெதுவான பாட்டில் ஒரு நிமிடத்தைத் தாண்டும். சில கல்லூரிகள் 32 பார் கேட்கும், சில நிமிடக் கணக்கில் கேட்கும். ஒவ்வொரு கல்லூரியும் எழுதியிருப்பதை மகள் தனித்தனியாகப் படிக்கட்டும். ஒன்றுக்குச் சொன்னதை மற்றதுக்கு அனுப்பினால் திறந்துகூடப் பார்க்காமல் ஒதுக்கக்கூடும்.

வெட்டு என்பது பாட்டிலிருந்து தேர்வுக்கு எடுக்கிற துண்டு. முதல் 16 பார் என்று அதற்கு அர்த்தமில்லை. பாட்டில் பாத்திரத்தின் மனம் திரும்புகிற இடம் எங்கே இருக்கிறதோ, அதைச் சுற்றி வெட்ட வேண்டும். பெரும்பாலும் அது பிற்பாதியில் இருக்கும்.

மாறுபட்ட இரண்டு என்பதில்தான் பலர் தடுக்குகிறார்கள். ஒன்று வேகம், ஒன்று மெது என்று எடுத்துவிட்டு இரண்டிலும் ஒரே சோகப் பெண்ணாக நிற்பார்கள். ஒரு பாட்டில் அவள் எதையாவது பிடுங்கப் பார்க்கட்டும், இன்னொன்றில் எதையாவது விட்டுக்கொடுக்கட்டும். ஒன்றிலாவது சிரிப்பு வந்தால் நல்லது. பல இடங்களில் பழைய காலத்துப் பாட்டு ஒன்றும் புதியது ஒன்றும் கேட்பார்கள். பழைய காலம் என்று அவர்கள் சொல்வது ஏறக்குறைய 1943-இல் மேடையேறிய 'ஒக்லஹோமா!' என்ற அமெரிக்க இசை நாடகம் தொடங்கி 1960களின் நடுப்பகுதி வரை. பொப் பாட்டு அவர்களாகக் கேட்டால் மட்டும்.

வயதும் முக்கியம். 18 வயதுப் பிள்ளை, மூன்று பிள்ளை பெற்றுக் கைவிடப்பட்ட தாயின் பாட்டைப் பாடினால் குரல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஒட்டாது.

கர்நாடகம் கற்ற பிள்ளைகளுக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. நீண்ட சுரம் எங்கே வந்தாலும் கமகம் என்கிற அசைவு தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். அந்தப் பாட்டுகளில் சுரம் ஆணி அடித்தமாதிரி நேராக நிற்க வேண்டும், சொல் முன்னால் வரவேண்டும். மகள் முதலில் பாட்டை வசனமாகப் பேசிப் பழகட்டும். பேசினால் பொய்யாகக் கேட்கிற வரி, பாடும்போதும் பொய்யாகத்தான் கேட்கும்.

நேரில் போகும்போது பியானோ வாசிப்பவர் அங்கே இருப்பார். அவரிடம் 'ஐந்து கட்டை' என்றால் விழிப்பார், 'ஜி' என்று சொல்லவேண்டும். அதைவிட, மகளின் சுருதிக்கே எழுதிய இசைத்தாளைக் கோப்பில் போட்டு, தொடக்கமும் முடிவும் தெளிவாகக் குறித்துக் கொடுப்பதுதான் பாதுகாப்பு. கண்ட இடத்தில் சுருதி மாற்றி வாசிக்கச் சொல்வது அவருக்குச் செய்யும் கொடுமை. வேகத்தைக் காட்ட விரலைச் சொடுக்க வேண்டாம், அதை மரியாதைக் குறைவாக எடுப்பார்கள். இரண்டு வரியை மெல்லப் பாடிக் காட்டினால் பிடித்துக்கொள்வார்.

வீடியோவுக்கு: போனைப் படுக்கையாக, கண் உயரத்தில் வையுங்கள். பின்னணிக்குப் பியானோ மட்டும், அது குரலை மூடக்கூடாது. பார்வை கமராவுக்குச் சற்றுப் பக்கத்தில், அவள் பேசுகிற ஆள் நிற்கிற இடத்தில் இருக்கட்டும். நடுவில் ஒட்டு வெட்டு வேண்டாம். தகரக் கூரை வீடென்றால் மழை நேரத்தில் பதியவே வேண்டாம், பாட்டுக்கு மேல் மழைதான் கேட்கும். நம் பக்கத்தில் பின்னேரமானால் மழை என்பது உங்களுக்கே தெரியும், காலையில் முடித்துவிடுங்கள். கடைசி இரவில் சிக்னல் தேடிக்கொண்டு போனுடன் மாடிக்கு ஏறவேண்டாம்.

கேள்வி: டீச்சர், எனக்கு 19 வயது. நாடகத் தேர்வுக்கு அரிச்சந்திரா மயான காண்டம் பாடலாமா?
- வாசகர், தலவாக்கலை

பதில்: பாடலாம் தம்பி, பாடினால் யாழ்ப்பாணத்து இசை நாடக நடிகர் நடிகமணி வி. வி. வைரமுத்துவின் நிழலில் நின்றுதான் பாடவேண்டும். அவருடைய மயான காண்டம் காதில் இருப்பவர்கள்தான் எதிரே உட்கார்ந்திருப்பார்கள். உன் வயதில் மகனைப் பறிகொடுத்த தகப்பனைக் காட்டுவதற்கு முன், பொன்னர் சங்கர் கூத்தில் சங்கரைப் பார். கோபக்காரத் தம்பி. உன் வயது, உன் குரல், உனக்குத் தெரிந்த கோபம்.

கேள்வி: பண்டாரவளையிலிருந்து மட்டக்களப்புக்குத் தேர்வுக்குப் போகிறேன். குளிரிலிருந்து வெக்கைக்குப் போனால் தொண்டை கட்டுமா?
- வாசகி, பண்டாரவளை

பதில்: வெக்கையைவிட பஸ்தான் தொண்டையைக் கெடுக்கும். பதுளையிலிருந்து செங்கலடி வரை திறந்த ஜன்னல் ஓரத்தில் காற்றுக்கு முகம் கொடுத்துக்கொண்டு, பாட்டுச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசிக்கொண்டு போனால் மிச்சம் ஒன்றும் இருக்காது. முதல் நாளே போய்ச் சேர். உள்பக்கத்து சீட்டில் உட்கார். தண்ணீரை மடக்கு மடக்காகக் குடி, ஐஸ் போட்டது வேண்டாம். கூட வருகிற அம்மாவிடம் இன்று பேசமாட்டேன் என்று ஏறும்போதே சொல்லிவிடு, இல்லாவிட்டால் கோபம் என்று நினைத்துக்கொள்வார்.