யாழ்ப்பாணக் கடற்கரைக்குப் பெரிய கம்பனிகளின் தலைமையகங்கள் வந்தால் ஊர் முன்னேறுமா?

கேள்வி கேட்டவர் கீழே எழுதியிருக்கும் விளக்கத்தைச் சுருக்கினால் இதுதான்: கொழும்பில் கடலோரம் முழுக்கக் கண்ணாடிக் கோபுரங்கள் எழும்புகின்றன, கம்பனிகள் தலைமையகத்தை அங்கே கொண்டுபோகின்றன, இங்கே யாழ்ப்பாணத்தில் பண்ணையிலிருந்து குருநகர் வரைக்கும் உள்ள கரையையும் அப்படி மாற்றினால் என்ன, அந்தப் பக்கம் இரண்டு பரப்புக் காணி வாங்கிப் போடலாமா? இரண்டுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் என் கதை. கொழும்பில் ஒரு கம்பனியின் கணக்குப் பிரிவில் பதினொரு வருடம் இருந்தேன். பெயர் வேண்டாம், பெரிய கம்பனியும் இல்லை. கந்தோர் கோட்டையில் இருந்தது. லிஃப்ட் ஒரு நாள் ஓடினால் இரண்டு நாள் நிற்கும் பழைய கட்டடம். ஆனால் வெள்ளவத்தையில் ரயில் ஏறினால் அரை மணித்தியாலத்துக்குள் மேசையில் இருக்கலாம். ஒரு நாள் காலை, தலைமையகம் வாவிக்கரையில் புதுக் கட்டடத்துக்குப் போகிறது என்று கடிதம் வந்தது. எங்களுக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்லக்கூடாது.

தலைமையகம் மாறுவது என்றால் மேசையும் கதிரையும் லொறியில் ஏறுவது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். உண்மையில் மாறுவது முகவரி. பதிவு அலுவலகத்தின் முகவரி மாறினால் கம்பனிப் பதிவாளருக்கு அறிவிக்க வேண்டும், 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம் அப்படிச் சொல்கிறது. அப்புறம் வற் பதிவு, ஊழியர் சேமலாப நிதி, வங்கிகள், காப்புறுதி, கடிதத் தலைப்பு, றப்பர் முத்திரை. பழைய முத்திரையைப் பழக்கத்தில் குத்தி, ஒரு வங்கியிலிருந்து கடிதங்கள் திரும்பி வந்தது என் கைவேலை. வெசாக் நீண்ட விடுமுறையில் பெட்டிகளை ஏற்றினோம். செவ்வாய்க்கிழமை போய்ப் பார்த்தால் இணைய இணைப்பு இன்னும் வரவில்லை, அந்த மாதச் சம்பளம் இரண்டு நாள் பிந்தியது. எங்கள் பற்றுச்சீட்டுப் பெட்டிகள் சந்தைப்படுத்தல் பிரிவின் பதாகைகளோடு கலந்து, கணக்காய்வாளர்கள் வந்த அன்றைக்கும் நிலக்கீழ் மாடியில் தேடிக்கொண்டிருந்தோம்.

வாவி தெரிந்தது பணிப்பாளர்களின் பக்கம். எங்கள் யன்னலால் வாகனத் தரிப்பிடம் தெரிந்தது.

பழைய கட்டடத்துக்குக் கீழே ஒரு நானாவின் சாப்பாட்டுக் கடை இருந்தது. எங்களில் ஐம்பது பேருக்கு மத்தியானச் சோறு அவரிடம்தான், மாதக் கணக்கு எழுதிவைப்பார். புதுக் கட்டடத்துக்குள் வெளிப் பார்சல் கொண்டுபோக விடமாட்டார்கள், உள்ளே இருந்த கடைகளில் விலை இரண்டு மடங்கு. நாங்கள் போன ஆறு மாதத்தில் நானா கடையைப் பூட்டிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். கம்பனியும் அந்தக் கரையில் நிலைக்கவில்லை. ஆறாவது வருடம், வாடகை கட்டுப்படியாகவில்லை என்று ராஜகிரியப் பக்கம் போய்விட்டது. நான் அதற்கு முன்பே ஊருக்கு வந்துவிட்டேன்.

சின்னக் கம்பனிதானே, பெரியவை அப்படி ஓடுமா என்று கேட்பீர்கள். என் மச்சாள் லண்டன் ஈஸ்ட் ஹாமில் இருக்கிறார். அவர் வீட்டிலிருந்து அதிக தூரமில்லாத இடம்தான் கேனரி வார்ஃப், தேம்ஸ் கரையில் வங்கிக் கோபுரங்கள் நிற்கிற பகுதி. கொள்கலன் கப்பல்கள் பெரிதாகி, தேம்ஸ் நதியில் அவ்வளவு உள்ளே வரமுடியாமல் போக, அங்கே இருந்த வெஸ்ட் இந்தியா கப்பல்துறைகளை 1980 இல் மூடினார்கள். 1981 இல் அரசு தனியாக ஓர் அபிவிருத்திக் கூட்டுத்தாபனம் அமைத்தது. 1991 இல் பெரிய கோபுரம் எழும்பியது, அடுத்த வருடமே அதைக் கட்டிய ஒலிம்பியா அண்ட் யோர்க் கம்பனி முறிந்தது. கட்டடம் இருக்கிறது, ஆட்கள் போய்வர ஒழுங்கான ரயில் இல்லை. ஜூபிலி ரயில் பாதை 1999 இல்தான் அங்கே போய்ச் சேர்ந்தது. எச்எஸ்பிசி வங்கி தன் 45 மாடித் தலைமையகத்துக்குக் குடிவந்தது அதற்குப் பிறகு, 2002 இல். அதே வங்கி 2023 இல், சென் போல் தேவாலயத்துக்குக் கிட்ட, ஏறத்தாழ அரைவாசி அளவான இடத்துக்குத் திரும்பிப் போகப்போவதாக அறிவித்தது. கொரோனாவுக்குப் பிறகு பாதிப் பேர் வீட்டிலிருந்து வேலை செய்தால் 45 மாடி எதற்கு?

அமெரிக்காவின் பொஸ்ரன் நகரக் கதை இன்னும் சுருக்கம். ஜெனரல் எலெக்ட்ரிக் தன் தலைமையகத்தைத் துறைமுகக் கரைக்குக் கொண்டுவருகிறேன் என்று 2016 இல் அறிவித்தது. மாநிலமும் நகரமும் சேர்ந்து 14 கோடியே 50 இலட்சம் டொலர் வரை சலுகை தருவதாகச் சொன்னார்கள், பதிலுக்கு 800 வேலை. பிறகு கம்பனிக்குக் கஷ்டம் வந்தது. 2019 இல் 12 மாடிப் புதுக் கட்டடம் கைவிடப்பட்டது, 800 பேர் 250 ஆனது. ஆனால் ஒரு விஷயத்தில் பொஸ்ரன்காரர் விவரமானவர்கள். மாநிலத்தின் காசு காணியிலும் கட்டடத்திலும் இருந்தது, அதனால் 8 கோடியே 70 இலட்சம் டொலர் திரும்பி வந்தது. வரிச்சலுகையாக மட்டும் அள்ளிக் கொடுத்திருந்தால் எதைத் திருப்பிக் கேட்பது?

சரி, கணக்குப் பிள்ளையின் கண்ணால் பார்த்தால் இந்தக் கதைகளில் எனக்குப் பிடிபட்டது காணிதான். லண்டனில் துறைமுகம் விட்டுப்போன கப்பல்துறைகள். பொஸ்ரனில் பழைய தொழிற்சாலை வளவு. கொழும்பில், காலிமுகத்திடலுக்கு எதிரே இராணுவத் தலைமையகம் இருந்த காணியில் 2017 இல் ஷங்ரி-லா ஹோட்டல் திறந்தது, அங்கிருந்து எழும்பிய இராணுவத் தலைமையகம் கடைசியில் 2019 இல் அக்குரேகொடையில் போய் நிலைத்தது. துறைமுக நகரமோ கடலை நிரப்பி எடுத்த 269 ஹெக்டேயர், 2014 இல் தொடங்கி 2019 ஜனவரியில் நிரப்பி முடித்தார்கள். எல்லாமே ஒரே கையில் இருந்த பெரிய துண்டுகள். ஒரு கையெழுத்தில் காணி மாறும். ‘நீர்முகப்பு’ என்ற அழகான பெயரெல்லாம் அதற்குப் பிறகு வந்தது.

இப்போது யாழ்ப்பாணத்துக்கு வாருங்கள். இங்கே காணி பரப்புக் கணக்கு, 16 பரப்பு ஓர் ஏக்கர். கோபுரம், தரிப்பிடம், வழி எல்லாவற்றுக்குமாக ஐந்து ஏக்கர் வேண்டுமென்றால் 80 பரப்பு சேர்க்க வேண்டும். ஒவ்வொரு வளவுக்கும் பின்னால் எத்தனை பங்குக்காரர்! ஒருவர் ஸ்காபரோவில், ஒருவர் பாரிஸில், ஒருவர் காலமாகி அவருடைய பிள்ளைகள் ஐந்து பேர் ஐந்து நாட்டில். ஒருவருடைய அற்றோணித் தத்துவம் வந்துசேர்வதற்குள் இன்னொருவருக்கு மனம் மாறிவிடும். பங்கு காணியை வெளியாருக்கு விற்கு முன் மற்றப் பங்காளிகளுக்கு அறிவிக்க வேண்டும் என்று எங்கள் ஊர் வழக்குச் சட்டமான தேசவழமையில் இருக்கிறது, அதற்கென்றே 1947 இல் 59 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும் வந்தது. எங்கள் அம்மம்மாவின் நான்கு பரப்பையும் பங்குக் கிணற்றையும் விற்று முடிக்க எங்களுக்கு மூன்று வருடம் போனது. அதுவும் சண்டை இல்லாத குடும்பம்.

இந்தச் சிக்கல் ஒரு விதத்தில் எங்களுக்குக் காவல். எந்தப் பெரிய முதலாளி வந்தாலும் நாவாந்துறையிலோ குருநகரிலோ வீடு வீடாக ஏறி 80 பரப்புச் சேர்க்க மாட்டான். அவன் கண் போகக்கூடிய இடம் பிரிபடாத காணிதான். கரையில் அப்படி என்ன இருக்கிறது? முற்றவெளி, கோட்டையைச் சுற்றிய வெளி, பண்ணைக் கரை, நூலகத்துப் பக்கம். எல்லாம் பொது இடம். பின்னேரம் ஐந்து மணிக்குப் பண்ணையில் போய் நின்று பாருங்கள். நடக்க வரும் ஐயாமார், சைக்கிளில் வரும் பெடியள், ஐஸ்கிறீம் வாங்கித் தரச்சொல்லி இழுக்கிற பிள்ளைகள். ஆக, ‘தலைமையகம் வருமா’ என்று கேட்பதற்கு முன், வந்தால் எந்த இடத்தைக் கொடுப்பீர்கள் என்று கேட்க வேண்டும். என்னிடம் கேட்டால், பண்ணையில் ஒரு பேர்ச் கூடக் கொடுக்கமாட்டேன்.

கடலை நிரப்பலாமே என்று யாராவது சொல்வார்கள், நிச்சயம் சொல்வார்கள். எங்கள் களப்பு ஆழமில்லாதது, பல இடங்களில் இடுப்பளவுத் தண்ணீர். நிரப்புவது மலிவு, அதுதான் பயம். அந்த ஆழமின்மையில்தான் இறாலும் நண்டும் வளர்கின்றன, களங்கட்டி என்கிற நிலைவலை வைத்துப் பிடிப்பவர்கள் பிழைக்கிறார்கள். மாரியில் பட்டணத்து வெள்ளம் வடிவதும் அதற்குள்ளேதான். கரையை உயர்த்திவிட்டால் நவம்பர் மழைத் தண்ணீர் யார் வீட்டுக்குள் போகும் என்று குருநகர்ச் சனத்திடம் கேளுங்கள்.

இன்னொன்று, சபைகளில் பேச வெட்கப்படுகிற விஷயம்: மலசலகூடம். பட்டணத்தில் கழிவுநீர்க் குழாய் வலையமைப்பு இல்லை, வீட்டுக்கு வீடு குழி. கீழே இருப்பது சுண்ணாம்புக்கல், ஓட்டை ஓட்டையாக. குழியில் போவது கிணற்றுக்கு வருவதற்கு அதிக காலம் எடுக்காது, நைத்திரேற்றுப் பிரச்சினை எங்களுக்குப் பழைய கதை. தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம், நாளுக்கு 24,000 கனமீற்றர் கொள்ளளவு, 2024 இல் திறந்தார்கள். நல்ல விஷயம். ஆனால் அது உள்ளே வரும் தண்ணீருக்கு வழி. ஆயிரம் பேர் வேலை செய்யும் கட்டடத்திலிருந்து வெளியே போகும் தண்ணீருக்கு வழி? லண்டனில் ரயில் பிந்தியதுபோல எங்களுக்குக் குழாய். அதைப் போடாமல் கோபுரம் பற்றிக் கதைப்பது வேலி இல்லாத வளவுக்குக் கேற் போடுகிற வேலை.

உயரமான கட்டடம் ஒன்று எங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. நூலகத்துக்குப் பக்கத்தில், புல்லுக்குளத்தருகே இந்தியா கட்டித் தந்த 11 மாடிக் கலாசார நிலையம். 2023 இல் கையளித்தார்கள், 2025 இல் திருவள்ளுவர் பெயர் வைத்தார்கள். எனக்கு அந்த அரங்கம் பிடிக்கும். ஆனால் மாநகரசபையின் வருமானத்தில் அதைப் பராமரிக்க முடியுமா என்ற பேச்சு திறக்கு முன்பே தொடங்கியது. இனாமாக வந்த கட்டடத்துக்கே மின்சாரக் கட்டணம் யோசிக்க வைத்தது.

லண்டன் துறைகளோடு ஒப்பிடத்தான் வேண்டுமென்றால் காங்கேசன்துறையைப் பாருங்கள். 1950 இல் தொடங்கி 1990 இல் சண்டையோடு நின்றுபோன சீமெந்துத் தொழிற்சாலை, அரசின் கையில் ஒரே துண்டு, பக்கத்தில் துறைமுகம், ரயில் கடைசியாக வந்து நிற்கும் இடம், பலாலி விமான நிலையமும் கிட்ட. நாகபட்டினத்துக் கப்பல் 2023 இல் வந்து இறங்கியதும் அங்கேதான். பழைய கூரைகளையும் கல் தோண்டிய பள்ளங்களையும் என்ன செய்வது என்று யோசிக்க நியாயம் இருக்கிறது. யாராவது தலைமையகம் கட்டுகிறேன் என்று வந்தால் அங்கே கூட்டிக்கொண்டு போங்கள். குத்தகைக்குக் கொடுங்கள், விற்க வேண்டாம். போகிற அன்றைக்குப் போகட்டும், காணி எங்களிடம் நிற்கும். அதுகூட, அந்தப் பக்கத்துச் சனம் இடம்பெயர்ந்து விட்டுவந்த வளவுகள் முழுக்கக் கைக்கு வந்த பிறகு.

உங்கள் இரண்டு பரப்பு. கம்பனி வரும், விலை ஏறும் என்று வாங்கவேண்டாம். வீடு கட்டி இருக்க நினைத்தால் வாங்குங்கள். காணி உறுதியைக் கையில் எடுத்தால் தோம்புப் பெயரையும் (பழைய காணிப் பதிவேட்டில் உள்ள பெயர்) நான்கு எல்லையையும் பார்த்து, காணிப் பதிவகத்தில் பழைய பதிவுகளைத் தேடுவித்து, பங்கு முழுக்கச் சேர்ந்திருக்கிறதா என்று நொத்தாரிசிடம் கேளுங்கள். கரைக்கு மிகக் கிட்ட என்றால் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டுமா என்பதையும் விசாரியுங்கள். தரகர் உங்களைச் சித்திரையில்தான் கூட்டிக்கொண்டு போவார், தரை காய்ந்து வடிவாக இருக்கும். நீங்கள் கார்த்திகைக் கடைசியில், நல்ல மழை பெய்த மறுநாள், தனியாகப் போங்கள். செருப்பைக் கையில் எடுக்க வேண்டி வருகிறதா என்று பாருங்கள். கிணற்றில் ஒரு வாய் குடித்துப் பாருங்கள், உவரா என்று தெரியும். பக்கத்து வளவு அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தால், உறுதியில் எழுதாததையும் அவர் சொல்லுவார்.