தீப்பிடித்த வீட்டைச் சரிசெய்ய எவ்வளவு செலவாகும்?

"ஒரு அறைதான் எரிந்தது, மற்ற அறைகளில் வெறும் புகை. வீட்டைப் பழையபடி ஆக்க எவ்வளவு ஆகும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் யாருக்கும் காயம் இல்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்த பிறகுதான் மற்றதைப் படிக்க மனம் வந்தது.

எங்கள் வீட்டிலும் ஒரு அறைதான் எரிந்தது. அலமாரிக்குப் பின்னால் இருந்த எக்ஸ்டென்ஷன் போர்டு சூடேறிப் பிடித்த தீ. கட்டில், மெத்தை, அலமாரி, கதவு எல்லாம் போயின. ஒரு அறைதானே என்று கொத்தனாரைக் கூப்பிட்டு, அந்த அறைக்கு மட்டும் எஸ்டிமேட் வாங்கி, கையில் இருந்த பணத்தை அதற்கென்று ஒதுக்கினோம். எல்லா வேலையும் முடிந்தபோது, எரிந்த அறைக்கு ஆனதைவிட எரியாத மூன்று அறைகளுக்குத்தான் அதிகம் செலவாகியிருந்தது. அதனால் உங்களுக்கு ஒரு தொகையைச் சொல்வதைவிட, பணம் எந்த வழியில் போகும் என்று சொல்வதுதான் உதவும் என்று நினைக்கிறேன்.

முதல் வழி, புகை. கூடத்துச் சுவர் லேசாகச் சாம்பல் பூத்த மாதிரிதான் இருந்தது. மறுநாள் காலையில் அம்மா ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்தார். உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்ப் பசையோடு ஒரு கறுப்புப் பட்டை விழுந்தது. அழுத்தித் துடைக்கத் துடைக்க அது பெயிண்டுக்குள் இறங்கியது. நுரை மெத்தையும் பிளாஸ்டிக்கும் எரிந்தால் வரும் கரி பிசுபிசுப்பானது, தண்ணீர் பட்டால் இழுபட்டுப் பரவும். முதலில் உலர்ந்த நிலையிலேயே எடுக்க வேண்டும்: நுண்துகளைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள வாக்குவம் கிளீனர், அப்புறம் இதற்கென்றே விற்கும் உலர் ரப்பர் ஸ்பாஞ்ச். தேய்க்காமல் ஒரே திசையில் இழுத்து எடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் சோப்பு நீர். உலர்ந்தபடியே எடுத்திருந்தால் போயிருக்க வேண்டிய கரிக்காக, நாங்கள் சுவரையே சுரண்ட வேண்டியதாயிற்று.

எவ்வளவு கரி படிந்திருக்கிறது என்று தெரியாவிட்டால், சுவரில் மாட்டியிருக்கும் எதையாவது கழற்றிப் பாருங்கள். எங்கள் கடிகாரத்தை எடுத்தபோது பின்னால் பளிச்சென்று ஒரு வெள்ளை வட்டம். அதைப் பார்த்த பிறகுதான் அறை முழுக்க எவ்வளவு கறுத்திருக்கிறது என்று புரிந்தது. கரியை எடுத்து முடிக்கும்வரை ஃபேனையும் ஏசியையும் போட்டுவிடாதீர்கள். புகை போகட்டும் என்று நினைத்துப் போடுவோம், அது கரியைச் சுத்தமான இடங்களுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

புகையில் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு சேதம் உண்டு. வயர் உறைகளிலும் குழாய்களிலும் பெரும்பாலும் இருப்பது பிவிசி என்ற பிளாஸ்டிக். அது எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடு வாயு வருகிறது. ஈரத்தோடு சேர்ந்தால் அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். ஆறு வாரம் கழித்து கூடத்தில் ஒரு ஸ்விட்ச் வேலை செய்யவில்லை. எலக்ட்ரீஷியன் போர்டைக் கழற்றிக் காட்டினார்: தீயே எட்டிப் பார்க்காத அந்தப் பெட்டிக்குள் செப்பு முனைகள் எல்லாம் பச்சை பூத்திருந்தன. வயரிங், டிவி, பிரிட்ஜ், கதவுக் கீல்கள் எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும். எலக்ட்ரீஷியன் பார்த்துச் சொல்லும்வரை மெயின் ஸ்விட்சைப் போடாதீர்கள். புகைபட்ட மின்சாதனங்களையும் "வேலை செய்கிறதா பார்ப்போம்" என்று போட்டுப் பார்க்காதீர்கள். சுத்தம் செய்தால் பிழைக்கக்கூடியதும் அப்படிப் போட்டால் கருகிவிடும்.

இரண்டாவது வழி, தண்ணீர். தீயணைப்புக் குழாயில் நிமிடத்துக்குச் சில நூறு லிட்டர் பாயும். உயிரையும் வீட்டையும் காப்பாற்றிய தண்ணீர்தான், ஆனால் அது சுவருக்குள்ளும் மரச்சாமான்களுக்குள்ளும் தரைக்கு அடியிலும் நிற்கிறது. 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலராவிட்டால் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். பூஞ்சை வந்துவிட்டால் அது தனிச் செலவு. முதல் இரண்டு நாளில் ஈரத்தை எடுக்கும் இயந்திரத்தை வாடகைக்கு வாங்குவது வீண் செலவு மாதிரித் தோன்றும். தயங்காமல் வாங்குங்கள்.

அடுத்து கட்டடம். எரிந்த அறையின் கூரைத் தளத்தைப் பொறியாளர் ஒருவரிடம் காட்டாமல் பூச்சு வேலையைத் தொடங்கவே கூடாது. கான்கிரீட் 300 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் வலுவை இழக்கத் தொடங்குகிறது, ஆறினாலும் அது திரும்பி வராது. பல கான்கிரீட்டுகள் அந்தச் சூட்டில் இளஞ்சிவப்பாக மாறும். எங்கள் பொறியாளர் சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். நல்ல இடத்தில் 'டங்' என்றது, கெட்ட இடத்தில் பொத்தென்று மந்தமாகக் கேட்டது. உருகிக் கிடந்த அலுமினியச் சட்டத்தையும் பார்த்தார். அலுமினியம் 660 டிகிரியில் உருகும், அதனால் ஜன்னல் பக்கம் அந்த அளவுக்குச் சூடு ஏறியிருக்கிறது என்று கணித்தார். கடைசியில் ஜன்னலுக்கு மேலே இருந்த பகுதியை மட்டும் கொத்தி எடுத்துப் புதிதாகப் போட்டால் போதும் என்றார். கொத்தனார் முழுத் தளத்தையும் இடிக்கச் சொல்லியிருந்தார். நாங்கள் செலவழித்ததிலேயே மிக நல்ல செலவு அந்தப் பொறியாளருக்குக் கொடுத்த கட்டணம்தான்.

பெயிண்ட் கடைசி வேலை. கரிவாடை போவதற்கு முன் அடித்தால், ஈரமான நாட்களில் வாடை திரும்பி வரும், கறையும் மேலே எழும். அப்படி அவசரப்பட்டதால் நாங்கள் இரண்டு முறை அடிக்க வேண்டியதாயிற்று. சுவரைச் சுத்தம் செய்து, காயவிட்டு, கறையையும் வாடையையும் அடைக்கும் பிரைமர் (அரக்கு கலந்தது நன்றாக வேலை செய்கிறது) ஒரு கோட் அடித்த பிறகே பெயிண்டைத் தொடச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு இன்சூரன்ஸ் இருந்தால், எதையும் குப்பையில் போடுவதற்கு முன் படம் எடுங்கள். அலமாரிக் கதவைத் திறந்து உள்ளே இருப்பதையும் எடுங்கள். நாங்கள் எரிந்த துணிகளை முதல் நாளே அள்ளிக் கொட்டிவிட்டோம். என்ன இருந்தது என்று பிறகு நிரூபிக்க முடியவில்லை. பாலிசியில் இரண்டு இடங்களைக் கவனமாகப் படியுங்கள். ஒன்று, தேய்மானம் கழித்துத் தருவார்களா, புதிதாக வாங்கும் விலையைத் தருவார்களா என்பது. மற்றது, வீட்டை அதன் முழு மதிப்புக்குக் காப்பீடு செய்திருக்கிறீர்களா என்பது. சில பாலிசிகளில் குறைவாகச் செய்திருந்தால் இழப்பீடும் அதே விகிதத்தில் குறையும். வீட்டைத் திரும்பக் கட்ட 100 பங்கு ஆகும், நீங்கள் 60 பங்குக்குத்தான் எடுத்திருக்கிறீர்கள், சேதம் 30 பங்கு என்றால், கைக்கு வருவது 18தான். எங்களுக்கு இதுதான் பெரிய அடி. சேதத்தை மதிப்பிட வந்த இன்சூரன்ஸ் சர்வேயர் விளக்கும்வரை அப்படி ஒரு விதி இருப்பதே தெரியாது. இடிபாடு அகற்றுவது, பொறியாளர் கட்டணம், அதுவரை வெளியே தங்கும் வாடகை இவையும் பாலிசியில் சேருமா என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காவிட்டால் யாரும் சொல்வதில்லை.

சரி, எஸ்டிமேட்டுக்கு வருவோம். மொத்தமாக ஒரு தொகை எழுதிக் கொடுப்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். குப்பை அகற்றல், உலர்த்தல், கரி எடுத்தல், கட்டட வேலை, வயரிங், பூச்சு, பெயிண்ட் என்று ஒவ்வொன்றையும் ஒவ்வொரு அறைக்கும் பிரித்து எழுதி வாங்குங்கள். எரியாத அறைகளுக்கு நேரே ஒன்றுமே எழுதாமல் விட்டிருந்தால், அவர் அங்கே ஸ்விட்ச் போர்டைத் திறந்தாவது பார்த்தாரா என்று கேளுங்கள். அதற்கு முன், இன்றைக்கே வீட்டு ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். உள்ளே போகும்போது சாதாரணத் துணி போதாது, நல்ல முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். சின்னக் குழந்தைகளைக் கரி எடுத்து முடியும்வரை உள்ளே விடாதீர்கள்.